ஆறு ஸ்பீக்கருக்கு நடுவே மரியம் பீவி

அப்துல் லத்தீப் பாய் போன் பண்ணினால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. "பாண்டி. வா." அவ்வளவுதான். எங்கே, எதற்கு, என்ன ரிப்பேர் என்று நாம்தான் நோண்டி நோண்டிக் கேட்க வேண்டும். கேட்டாலும் "வா" என்றுதான் பதில் வரும். தெற்கு மாசி வீதிப் பக்கம் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். வருகிறவன் நூறு கேள்வி கேட்டாலும், பூட்டை எடுத்து மேஜையில் வைத்து ஒரு தடவை திறந்து காட்டுவார். வாங்கினால் வாங்கு, போனால் போ. "வாயிலயும் ஒரு பூட்டப் போட்டுச் சாவிய எங்க பாய் தொலைச்சீங்க?" என்று நான் கேலி செய்தால் அதற்கும் ஒரு சிரிப்புதான். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இருக்காது.

நான் அழகுபாண்டி, ஆனையூர். கேமரா மாட்டுவது, டிவிக்கு ஸ்பீக்கர் செட் பண்ணுவது என் பிழைப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட என்னையே வாயடைத்து நிற்க வைத்த வீடு காஜிமார் தெருவில் இருக்கிறது. அது லத்தீப் பாய் வீடு.

அன்றைக்கும் "பாண்டி. வா" என்றுதான் கூப்பிட்டார். போனேன். வழக்கமாகக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிற மனுஷன், மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ உள்ளயே இருக்கா பாண்டி. ஹாலுக்கு வரவே மாட்டேங்குறா. படம் போட்டா முன்ன மாதிரி பக்கத்துல வந்து உக்காருவான்னு பாத்தேன். ஒரு நா வந்தா. பாதியில எந்திரிச்சுப் போயிட்டா."

பாய் இத்தனை பேசி நான் கேட்டதே இல்லை.

அவர் சொன்னது அவர் மனைவி மரியம் அக்காவை. சர்க்கரை வியாதி அக்காவின் ஒரு கண்ணை முதலில் தின்றது, அடுத்த கண்ணையும் விடவில்லை. இரண்டு வருஷமாக முழு இருட்டு. அடுப்படியில் மட்டும் தடவித் தடவி வேலை நடக்கும். அது முடிந்தால் உள் அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வார். பாய் கடையிலிருந்து வந்து ஹாலில் உட்காருவார். ஒரே வீட்டில் நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். மஸ்கட்டில் இருக்கும் மகன் அசீம் லீவில் வந்தபோது இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆறு ஸ்பீக்கர் செட் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நிறையப் படங்களை ஏற்றி, வீட்டுக்குள்ளேயே அது டிவிக்கு ஓடுகிற மாதிரி ஒரு சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஹாலில் போய்ப் பார்த்தால், சோபாவுக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் பாய் தொப்பியைக் கழற்றி மாட்டியிருக்கிறார். இன்னொன்றில் தொழுகைக்குப் பிறகு உருட்டுகிற தஸ்பீஹ் மாலை தொங்குகிறது. படத்தைப் போட்டேன். முன்னால் இரண்டில் மட்டும்தான் சத்தம். பின்னால் காது வைத்துக் கேட்டாலும் ஒன்றுமில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "எதுக்கு ஆறு? ரெண்டுல கேக்குறதுக்கு ஒரு ரேடியோப் பொட்டி போதாதா? நாலும் தொப்பி மாட்டவா வாங்குனான் அசீமு?" என்று கத்தினேன். வயரை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். வயரில் ஒரு குற்றமும் இல்லை. பிறகுதான் சாஃப்ட்வேருக்குள் நுழைந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஒரு படத்துக்குள் காட்சி ஒன்று, ஆனால் ஆடியோ பல. ஓட்டினவுடன் எந்த ஆடியோ முதலில் வர வேண்டும் என்று சாஃப்ட்வேரில் சொல்லி வைக்கலாம். அதைத்தான் டிஃபால்ட் என்கிறோம். அசீம் ஏற்றி வைத்திருந்தது பெரும்பாலும் இங்கிலீஷ் படங்கள். அவற்றில் இங்கிலீஷ் ஆடியோ ஆறு ஸ்பீக்கருக்கும் பிரித்துப் பதிந்தது. தமிழ் டப்பிங் இரண்டு ஸ்பீக்கருக்கு மட்டும். அம்மாவுக்குப் புரியட்டும் என்று பயல் தமிழை டிஃபால்ட்டாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, நல்ல மனசில் செய்ததுதான்.

"அக்கா, அன்னைக்கு ஏன் பாதியில எந்திரிச்சீங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"எல்லாப் பேரும் ஒரே எடத்துல குவிஞ்சு நின்னு கத்துற மாதிரி இருக்கு தம்பி. யாரு எங்க நிக்கிறாங்க, யாரு வாராங்க, யாரு போறாங்க, ஒன்னும் தெரியல. குருட்டுப் பொம்பளைக்கு எதுக்குப்பா படம்?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுப் பாய் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. "ஒரே ஒரு வாட்டி வந்து உக்காருங்க அக்கா. பிடிக்கலைன்னா நான் இந்தத் தெருப் பக்கமே வரல" என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, இங்கிலீஷ் ஆடியோவைத் தட்டிவிட்டேன்.

ஒரு அப்பனும் சின்னப் பெண்ணும் காட்டு வழியே தப்பித்துப் போகிற படம். முதலில் இலைச் சத்தம். அப்புறம் மழை பிடித்தது. முன்னால் தூறி, பக்கவாட்டில் வந்து, பின்னாலும் கொட்ட ஆரம்பித்ததும் மரியம் அக்கா சட்டென்று முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். நனையாமல் இருக்க!

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பின்னால யாரோ வாராங்க" என்றார் அக்கா. கழுத்து தானாகத் திரும்பியது. "ரெண்டு பேரு. ஒருத்தன் காலத் தேச்சு நடக்குறான்."

டிவியில் அப்பனையும் பிள்ளையையும் தவிர யாருமே இல்லை. நான் வாயைத் திறந்து "இல்லக்கா" என்று சொல்லப் போகும்போது காட்சி மாறியது. மரத்துக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருத்தன் காலை இழுத்து இழுத்து நடக்கிறான்.

ஆத்தாடி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் இந்த ஆறு ஸ்பீக்கரை மாட்டியிருப்பேன்! "குண்டு வெடிச்சா எப்படி இருக்கு பாத்தீங்களா சார்" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு வந்ததோடு சரி. அதற்குள் காடும் மழையும் ஆட்களும் இப்படி அதனதன் இடத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது கண் தெரியாத ஒரு மனுஷி. எங்களுக்கு அந்தக் காடு எதிரே இருந்த ஒரு சட்டத்துக்குள் இருந்தது. அவர் காட்டுக்குள்ளேயே இருந்தார்.

ஆனால் படத்தில் பேச ஆரம்பித்ததும் வில்லங்கம் வந்தது. "என்ன சொல்றான்?" என்றார் அக்கா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வயர் அட்டைப்பெட்டியில் இருப்பது மட்டும்தான். படத்துக்குக் கீழே தமிழில் எழுத்து வருகிற வசதி இருந்ததால் அதைப் போட்டேன். பாயைப் பார்த்தேன். "படிங்க பாய்."

பாய் தொண்டையைச் செருமினார். பிறகு கரண்ட் பில்லைப் படிக்கிற மாதிரி, "'போகாதே.' 'போவேன்.' 'போனால் செத்துவிடுவாய்'" என்று படித்தார். உயிர் போகிற இடத்தில்கூட அதே குரல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அக்கா எழுந்து போகவில்லை. படம் முடிகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுத்து வராத இடங்களில் பாயின் முட்டியைத் தட்டி, "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டார். பாயும் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக, பல் பிடுங்குகிற மாதிரி.

அன்றைக்கே ஆறு ஸ்பீக்கர் ஆடியோவை டிஃபால்ட்டாக வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் போல இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கமாக வண்டியில் வருகிறேன். பாய் வீட்டு மாடியிலிருந்து தெருவே அதிர்கிற மாதிரி ஒரு குரல். "டேய், புள்ளைய விடுடா! விடலைன்னா நடக்குறதே வேற!" வீட்டில் என்னவோ ஏதோ என்று வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஹாலில் லத்தீப் பாய் சோபாவை விட்டு எழுந்து நிற்கிறார், கை டிவியில் நிற்கிற வில்லனை நோக்கி நீண்டிருக்கிறது. அடுத்த நொடி குரலைச் சின்னதாக்கி, "அப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்று பெண் பிள்ளையாகிவிட்டார். பக்கத்தில் மரியம் அக்கா ஒரு கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

இது யாருடைய குரல், எங்கே இருந்தது இத்தனை நாளும்? நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். செருப்பைக் கழற்றவும் மறந்துபோனது.

பிறகு கடையில் பார்த்தபோது பாய்க்குத் தொண்டை கட்டியிருந்தது. கன்னத்தில் சித்தரத்தைத் துண்டை அடக்கிக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சைகையில் விலை சொன்னார். அறுபதைத் தாண்டிய மனுஷன், தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கத்தினால் என்னத்துக்கு ஆகும்? எனக்குப் பாவமாகப் போயிற்று. என் தொழில் எதற்கு இருக்கிறது என்று தோன்றியது. அசீமிடம் போனில் பேசினேன். தமிழும் ஆறு ஸ்பீக்கரில் பதிந்த டிஸ்க்குகள் இப்போது வருகின்றன என்று விசாரித்துச் சொன்னேன். அவனும் வாங்கி அனுப்பினான். உட்கார்ந்து அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தமிழ், அதுவும் ஆறு ஸ்பீக்கர் தமிழ், அதுதான் முதலில் வர வேண்டும் என்று மாற்றி வைத்தேன்.

"இனிமே மழையும் சுத்திப் பெய்யும், பேச்சும் புரியும். பாய், நீங்க வாய்க்கு லீவு விடுங்க" என்றேன். அம்புட்டுப் பெருமை எனக்கு. பாய் தலையை ஆட்டினார். அக்கா, "நல்லது தம்பி" என்றார். டீ கொடுத்தார்கள். ஏனோ அந்த டீயில் சந்தோஷம் குறைவாக இருந்த மாதிரி பட்டது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. பாய் அல்ல, மரியம் அக்கா.

"தம்பி, அவரு அஸர் தொழுகப் பள்ளிவாசலுக்குப் போயிருக்காரு. இப்பவே வாப்பா. படத்த பழையபடி இங்கிலீசுக்கே மாத்திக் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போய் நின்றதுமே கத்தினேன். "என்னக்கா இது வெளையாட்டு? தலைகீழா நின்னு தமிழ்ல கொண்டாந்து குடுத்திருக்கேன். மழை வரலையா? பின்னால ஆள் வரலையா? என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல தம்பி. எல்லாம் வருது. அவருதான் வரல."

எனக்கு விளங்கவில்லை. அக்கா சோபாவைத் தடவி, பாய் உட்காருகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"கண்ணு இருந்தப்ப அவரு பேசாதது எனக்கு ஒரு கொறையாவே தெரியல. மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். கோவமா, பசியா, என்னையப் பாத்துச் சிரிக்கிறாரா, எல்லாம் தெரியும். கண்ணு போச்சு. அவரு மொகமும் போச்சு. வீட்டுக்குள்ள வந்தாரா, போனாரா, எதுவுமே தெரியாது. பக்கத்துலயே இருப்பாரு, எனக்கு ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கும். அதான் உள்ள போயி உக்காந்துக்குவேன். இந்த ஒரு மாசந்தான் தம்பி, அவரு இங்கன இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. தமிழ்ல ஓடுனா அவரு வாய மூடிக்கிறாருப்பா."

மழை எங்கே பெய்கிறது, ஆள் எங்கே வருகிறான் என்று பார்த்துப் பார்த்துச் செட் பண்ணின எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷன் காணாமல் போனது தெரியவில்லையே. கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அக்கா அதைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன். "மூக்க உறிஞ்சாத தம்பி, சீக்கிரம் மாத்து, அவரு வந்துருவாரு" என்றார். அவரிடம் எதை மறைக்க முடியும்!

மாற்றினேன். டிஃபால்ட் இங்கிலீஷ், ஆறு ஸ்பீக்கர், கீழே தமிழ் எழுத்து. முடிப்பதற்கும் பாய் தொழுதுவிட்டு மேலே வருவதற்கும் சரியாக இருந்தது. டிவியில் ஓடியதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாஃப்ட்வேர்ல என்னமோ கோளாறு பாய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். "தமிழ் வர மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு நீங்கதான் படிச்சுச் சொல்லணும் போல."

பாய் தொப்பியைக் கழற்றி, ஸ்பீக்கரில் மாட்டப் போனவர், நினைவு வந்து ஆணியில் மாட்டினார். பிறகு என்னை வழியனுப்புகிற சாக்கில் மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். அன்றைக்குப் பிடித்த மாதிரியே என் கையைப் பிடித்தார். ஹாலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து நானும் இங்கிலீசுக்கு மாத்தப் பாத்தேன் பாண்டி. அவ தூங்குனதுக்கப்புறம். எனக்கு மாத்தத் தெரியல."

உள்ளே இருந்து மரியம் அக்காவின் குரல் கேட்டது. "என்னங்க, மழ வந்துருச்சு. வாங்க."

"இந்தா வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பாய் உள்ளே போனார்.