நான் சொல்லாமல் விட்ட லைன்

இங்கிலீஷ் டீச்சர் வேலையில் எனக்கு இருந்த பெரிய கர்வமே சொற்களின் பூர்வீகம் சொல்வதுதான். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது பிறந்த இடம்வரை போய்த் தோண்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

போன வருஷம் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். மகள் பேசுவதை ஒருநாளாவது கேட்கட்டுமே என்று அம்மாவையும் கூட்டிப்போய் முன்னால் உட்காரவைத்தேன். 'லைன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். லத்தீனில் அது ஆளிச்செடி நாரில் திரித்த நூல். நூலைப் பிடித்துக் கோடு போட்டார்கள், கோட்டுக்கும் அதே பேர் வந்தது. பிறகு கரண்டு லைன், போன் லைன், ரயில்வே லைன், பாட்டில் வரும் லைன், ரேஷன் கடை லைன்... கைதட்டலில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போது ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "மிஸ், ஏலத்தோட்டத்துல லைன் வீடுன்னு சொல்லுவாகளே, அதுவும் இந்த லைன்தானா? எங்க அம்மா அங்கனதான் இருக்காக."

நான் பிறந்ததே மலைமேல் ஏலத்தோட்டத்து லைன் வீட்டில்தான். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். பக்கத்து அறையில் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். அங்கே இருந்துகொண்டு ஏலக்காய் எடுத்துத்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். சொல்ல வாயெடுத்தேன். மேடையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இருக்கலாம்மா. மலைப்பக்கமெல்லாம் எனக்குப் பழக்கமில்லை" என்றேன்.

பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அம்மா பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

பந்தியில் பாயசம் ஊற்ற அதே பிள்ளைதான் வந்தாள். அம்மாவிடம் ஆசையாக, "ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

அம்மா இலையைப் பார்த்தபடியே, "கம்பந்தான் ஆத்தா. மலைக்கெல்லாம் நாங்க போனதே இல்ல" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏன்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா ஒனக்குத்தான ஆத்தா அசிங்கம்."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லிக்கொடுத்த டீச்சர் நான்.