கல்குடாக்காரரின் நீலப் பம்பர்

ரெத்தினம் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு வேன் கதவுக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கியபடிதான் கேட்டேன். என் மச்சான், மனைவியின் தம்பி, பேசினான். "அத்தான், பெரியகல்லாறு பெயின்டர் மோசம் போயிட்டாராம். விடியக்காலம் நெஞ்சு வலியாம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சுதாம்." நான் ஸ்பிரே கன்னைக் கீழே வைக்கவில்லை. பூச்சைப் பாதியில் விட்டால் கோடு விழும். கதவை முழுவதும் அடித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் எனக்கு வந்தது அழுகை அல்ல. இனி இந்தக் கரையில் பழைய பூச்சுக்குப் பொருத்தமாக நிறம் பிடிக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டபோது, எழுதினால் இதையும் சேர்த்துத்தான் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் அவர் நல்லவர், கெட்டிக்காரர், கைராசிக்காரர் என்று எழுதியிருப்பீர்கள். நான் அவர்மேல் முப்பது வருடம் பொறாமைப்பட்டவன். ஆகையால் உங்களைவிடக் கூர்ந்து அவரைப் பார்த்திருக்கிறேன்.

மட்டக்களப்பு டவுனில் ஒரே கராஜில் நாங்கள் பதினொரு வருடம் வேலை செய்தோம். பட்டி போட்டுத் தேய்ப்பது என் வேலை. நிறம் கலந்து அடிப்பது அவர் வேலை. தேய்ப்பு சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல நிறமும் அலை அலையாகத் தெரியும். ஆனால் வாகனம் எடுக்க வருகிறவர்களில் ஒருவராவது கதவைத் தடவிப் பார்த்து, "ஆர் தேய்ச்சது?" என்று கேட்டதில்லை. "ஆர் கலர் பிடிச்சது?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ரெத்தினம் கலர் டப்பாவும் கையுமாக ஒரு ஓரத்தில் நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நிறம் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு நேரம் இருந்தது. மத்தியானம் கலந்த நிறத்தை மத்தியானமே அடிக்கமாட்டார். ஒரு தகட்டில் பூசிக் காயவைத்து, பின்னேரம் வெயில் சாய்ந்ததும் வாவிக்கரைப் பக்கம் காரைத் தள்ளிக்கொண்டு போய் அதன் அருகில் பிடித்துப் பார்ப்பார். "உச்சி வெயிலுக்க எல்லா நிறமும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். பின்னேரம் பார், அப்பதான் குணம் தெரியும்," என்பார். முதலாளி தாமதத்துக்குச் சத்தம் போடுவார். நானும் முதலாளி பக்கம்தான் நிற்பேன்.

ஒருமுறை அவர் லீவில் நின்ற நாளில், ஒரு டொக்டரின் காருக்கு நானே நிறம் கலந்து மத்தியானமே அடித்து முடித்தேன். முதலாளி என் முதுகில் தட்டினார். பின்னேரம் டொக்டர் வந்து பார்த்தபோது, வெள்ளைக் காரில் அந்தக் கதவு மட்டும் பச்சை கலந்த வெள்ளையாக நின்றது. மறுநாள் ரெத்தினம் வந்து அதைத் திருப்பி அடித்தார். அடிக்கும் முன் கதவைத் தடவிப் பார்த்து, "தேய்ப்பு கண்ணாடி மாதிரி இருக்கு," என்று சொன்னார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது என்னைக் குத்திக் காட்டுவதாகவே பட்டது. ஒரு கிழமை அவரோடு பேசாமல் இருந்தேன்.

பிறகு அவர் தன் ஊரான பெரியகல்லாற்றில் தகரக் கொட்டில் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். தொலைந்தார் என்று நான் சந்தோஷப்பட்டேன். நானும் கல்லடியில், கல்முனைக்குப் போகும் பெரிய வீதியின் ஓரத்தில் ஒரு இடம் பிடித்தேன். அங்கேதான் பிழை விட்டேன். டவுனிலிருந்து பெரியகல்லாற்றுக்குப் போகிற எந்த வாகனமும் என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களின் கார்கள் நெளிந்த கதவோடு தெற்கே போகும்; மூன்று நாள் கழித்துப் பளபளவென்று திரும்பி வரும். இரண்டையும் நான் பார்க்கவேண்டும். சிலர் ஹோர்ன் அடித்துக் கையும் காட்டிவிட்டுப் போவார்கள். என் மனைவி ஒருநாள், "வாசலுக்கு ஒரு படங்குச் சீலை கட்டுங்களன், பார்க்காம இருக்கலாம்," என்றாள். கட்டலாமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெயந்தி மிஸ்ஸின் கார் வந்தது. மிஸ் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் கோயிலின் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். அவர் ஒரு சொல் சொன்னால் ஞாயிறு பூசை முடிவதற்குள் அது டவுன் முழுக்கப் போய்ச் சேரும். கார் அவருடைய தகப்பன் வாங்கியது, இளநீலம், இருபத்தைந்து வருடப் பழசு. முன் பம்பர் வீட்டுக் கேற்றில் உரசிக் கீறல் விழுந்து, வெளுத்து, மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. "முழுக் காருக்கும் அடிச்சு விடட்டா மிஸ்?" என்று கேட்டேன். "அப்பாட நிறத்தில கை வைக்கவேணாம். பம்பரை மட்டும் காரோட சேர்த்துத் தாங்க," என்றார்.

முதல் தரம் கம்பனி கொடுத்த கலர் நம்பரைப் பார்த்துக் கலந்தேன். அது கார் புதிதாக இருந்தபோது இருந்த நீலம். மிஸ் வந்து பார்த்துவிட்டு, "அல்பிரட், கிழவி பொய்ப்பல் கட்டின மாதிரி இருக்கு," என்றார். உரித்துத் தேய்த்து, இரண்டாம் தரம் காரின் இடப்பக்கத்தில் இருந்த பெற்றோல் மூடியைக் கழற்றி அதற்குப் பார்த்து அடித்தேன். இடப்பக்கம் அச்சொட்டாகப் பொருந்தியது. வலப்பக்கம் போய் நின்று பார்த்தால் வேறு யாரோவின் பம்பர் போல இருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் தரம் கொஞ்சம் ஆழம் கூட்டி அடித்தேன். அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தவில்லை. மிஸ் கோபிக்கவில்லை. "ஏலாதெண்டா சொல்லுங்க அல்பிரட். திங்கக்கிழம பெரியகல்லாத்துக்குக் கொண்டு போறன். அந்தப் பெயின்டர்ட மகன் என்னட்டப் படிச்சவன்தான்," என்றார்.

அந்தக் கார் என் வாசலைத் தாண்டித் தெற்கே போவதைப் பார்ப்பதைவிடக் கராஜைப் பூட்டிவிட்டுப் போவது மேல் என்று எனக்கு இருந்தது. ஒரு கிழமை தவணை கேட்டேன். பம்பரைக் கழற்றி, பெற்றோல் மூடியோடு சேர்த்துப் பெட்ஷீட்டில் சுற்றி, மச்சானின் ஓட்டோவில் ஏற்றினேன். பம்பர் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மச்சான் வாழைச்சேனை ஆள், ரெத்தினம் அவனைக் கண்டதில்லை. "கல்குடாவில ஹோட்டல் வச்சிருக்கிற ஒருத்தர்ட கார் எண்டு சொல்லு. என்ட பேர் வாயில வரக்கூடாது," என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மணித்தியாலத்தில் மச்சான் போன் எடுத்தான். "அத்தான், கார் எந்தப் பக்கம் பார்த்து நிக்கிற எண்டு கேக்கிறார். பின்னேர வெயில் எந்தப் பக்கத்தில விழுகிற எண்டும் கேக்கிறார்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிஸ் வீட்டில் அந்தக் கார் எத்தனையோ வருடமாக ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்துத்தான் நிற்கிறது. பின்னேர வெயில் முழுக்க இடப்பக்கத்தில்தான் விழும். ஒரே காரில் இரண்டு நீலம் இருந்தது அதனால்தான். மூன்று தரம் அடித்தும் என் புத்திக்கு எட்டாத கேள்வி, காரைக் கண்ணால் காணாத மனிதருக்கு ஒரு மூடியைப் பார்த்ததுமே வந்துவிட்டது. எரிச்சலில் என் காது சுட்டது. வெயில் விழும் பக்கத்தைச் சொன்னேன். வலப்பக்கத்திலிருந்தும் ஏதாவது ஒன்று வேண்டும் என்றாராம். பக்கக் கண்ணாடியின் மூடியைக் கழற்றி மறுநாள் அனுப்பினேன்.

நாலாம் நாள் பம்பர் வந்தது. உட்பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் அவருடைய போன் நம்பர். மச்சான் சொன்னான்: "காரில பூட்டினாப் பிறகு பின்னேர வெயில்ல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். காரைக் காணாம அடிச்சதாம், மனம் கேக்குதில்லையாம்." நான் கடதாசியை உரித்துக் கசக்கி எறிந்தேன்.

பம்பரைக் காரில் பூட்டிவிட்டுப் பின்னேரம் வரை காத்திருந்தேன். இடப்பக்க நுனி வெளிறிய நீலம். வலப்பக்கம் போகப் போக ஒரு பொட்டு ஆழம் கூடியிருந்தது. எந்த இடத்தில் மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இரண்டு நுனியும் இரண்டு பக்கத்தோடும் சேர்ந்து ஒரே காராக நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பிழை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கண் கலங்கியது. ஆத்திரத்தில்தான் கலங்கியது.

மிஸ் வந்து பார்த்துவிட்டுப் பம்பரைத் தடவினார். தகப்பனின் கார் தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்றார். "என்னண்டு செய்தீங்க அல்பிரட்?" என்று கேட்டார். "பொறுமைதான் மிஸ்," என்றேன். என் வாய் அதைச் சொல்லக் கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பாடகர் குழு முழுவதும் கோயில் வளவில் காரைச் சுற்றி நின்று பார்த்தது. அதற்குப் பிறகு தெற்கே போக வந்த கார்களில் பல என் வாசலில் திரும்பத் தொடங்கின. பழைய காருக்கு நிறம் பிடிக்க அல்பிரட்தான் என்று இன்றைக்கு டவுனில் நீங்கள் சொல்கிறீர்களே, அந்தப் பெயர் அந்த ஒரு பம்பரால் வந்தது.

மூன்று மாதம் கழித்துக் களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண வீட்டில் ரெத்தினத்தைக் கண்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "அல்பிரட்டு, கல்குடாப் பக்கம் உனக்கு ஆக்கள் ஆரும் இருக்கா?" என்று கேட்டார். நான் சோற்றைப் பிசைந்தபடி, "இல்லையே. ஏன்?" என்றேன். "சும்மா கேட்டன்," என்று சிரித்தார். என் தேய்ப்பை அவருடைய விரல் அறியும். பம்பரைத் தொட்டதுமே கண்டுபிடித்திருப்பார், சபையில் என்னை அவமானப்படுத்தாமல் விட்டுவிட்டார் என்று நான் நம்பினேன். அவர் சாகும்வரை அப்படித்தான் நம்பினேன். நிறம் பார்க்கும் அவருடைய கண்ணில் பொறாமைப்பட்டது போதாதென்று, அவருடைய பெருந்தன்மையிலும் பொறாமைப்பட்டேன். ஆனாலும் அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. தெரிந்தே விட்டவர் மன்னித்தும் இருப்பார் அல்லவா?

செத்த வீட்டுக்கு ஜெயந்தி மிஸ்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ரெத்தினத்தின் வீட்டோடு ஒட்டிய கொட்டிலுக்கு முன்னால் ஒழுங்கையில் அந்த நீலக் காரை நிறுத்தினார். உள்ளே போய் ரெத்தினத்தின் மனைவி பரமேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "இவரும் உங்கட வீட்டுக்காரர் மாதிரிக் கெட்டிக்காரர்தான். அந்தா நிக்கிற என்ட காருக்குப் பம்பர் அடிச்சது இவர்தான்," என்றார். ரெத்தினம் நடுவில் கிடத்தப்பட்டிருந்தார். அக்கா அழுத கண்ணோடு வாசலைப் பார்த்து, மரியாதைக்குத் தலையாட்டினார். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் போன கிழமை பெரியகல்லாற்றுக்கு பஸ் ஏறினேன். ஊர் படிப்பதற்கு முன் அக்கா என் வாயால் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். ஓட்டோ, பெட்ஷீட், கல்குடாப் பொய், எல்லாவற்றையும் சொன்னேன். "அவருக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல்ல. அதையும் எழுதப் போறன்," என்றேன்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். "இல்ல தம்பி," என்றார். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே பஸ் ஏறி உங்கட வாசல்ல வந்து நிண்டு கத்தியிருப்பார். அந்தக் கல்குடாக்காரர் போட்டோ அனுப்புவார் எண்டு கன நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கலியாண வீட்டுக்குப் போனாலும் கல்குடா ஆக்கள் இருக்கா எண்டு விசாரிப்பார். மறுகா ஒருநாள், 'பொருந்தல்ல போலகா. பொருந்தியிருந்தா ஒரு சொல்லாவது சொல்லியிருப்பாங்க' எண்டார். அதுக்குப் பிறகு காரைக் காணாம ஒரு வேலையும் எடுக்கவே இல்ல."

ஆக, என்னை யாரும் மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கு அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஒரு போட்டோவில் தீர்ந்திருக்கவேண்டிய கவலையை நான் அந்த மனிதர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கு வரவேண்டிய புகழை வைத்துப் பிழைத்திருக்கிறேன். மிஸ், உங்கள் காரின் பம்பர் என் வேலை அல்ல. இதைப் படித்தபிறகு நீங்களும் டவுனில் உள்ள மற்றவர்களும் என் வாசலில் திரும்பாமல் போனால், ஏன் என்று நான் கேட்கமாட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன். 'கார் எந்தப் பக்கம் பார்த்து நிக்கிற' என்ற அந்த ஒரு கேள்வியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ரெத்தினம், அது பொருந்தியது. இரண்டு பக்கமும் பொருந்தியது.