ஒரே கப்பலில் எழுதிய இரண்டு பெயர்கள்

தந்தி பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. துறைமுகத்துக்கு எதிரே, கப்பல்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. யுத்தம் தொடங்கியதிலிருந்து தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டாலே எங்கள் பேனாக்கள் நின்றுவிடும். தலைமைக் குமாஸ்தா உறையைப் பிரித்துப் படித்தார். பிறகு எழுந்து வந்து அதை என் மேசைமேல் வைத்தார்.

"உங்க மயிலாப்பூர்ப் பக்கத்துப் பசங்க ரெண்டு பேருப்பா. வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிடு" என்றார்.

இங்கிலாந்துச் சீமைக் கரைக்கு அருகே கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கிவிட்டது. இறந்துபோன நம் ஆட்கள் ஏழு பேர். நாலாவது பெயர் சூசை. ஐந்தாவது அவன் தம்பி இன்னாசி. அந்த இரண்டு பெயர்களையும் அந்தக் கப்பலில் எழுதி அனுப்பியவன் நான்.

சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் அவர்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சூசையும் நானும் ஒரே பெஞ்சு. இன்னாசி எங்களைவிட மூன்று வயது இளையவன். தகப்பனார் சீக்கிரமே இறந்துவிட்டார். தாயார் அந்தோணியம்மாள் மயிலாப்பூர் அங்காடியில் மீன் விற்று இருவரையும் வளர்த்தார்.

இன்று பலரும் அவர்களை இராமலட்சுமணர் என்று பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த அண்ணனும் தம்பியும் ஓயாமல் சண்டை போட்டவர்கள். ஒருமுறை, சூசையின் கல்யாணப் பேச்சில் ஏதோ தகராறாகி, ஒரு மாதம் இருவருக்கும் பேச்சே இல்லை. ஆனாலும் ஒரே கட்டுமரத்தில்தான் கடலுக்குப் போனார்கள். அந்த மாதத்தில் ஒரு நாள் நானும் கூடப் போனேன். "வலையைப் பிடிக்கச் சொல்லு அவனை" என்று சூசை என்னிடம் சொல்வான். "கைய எடுக்கச் சொல்லு அவர" என்பான் இன்னாசி. அடையாற்று முகத்துவாரத்துக்கு நேரே ஒரு பெரிய அலை எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது மரம் அலையைத் தாண்டியிருந்தது. இருவரும் துடுப்பை ஒரே வீச்சில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரை ஏறியதும் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பின்னால் ஒரு புயலில் அந்தக் கட்டுமரம் சிதறிப்போக, இருவரும் கப்பல் வேலைக்கு வந்தார்கள். சூசைக்கு மேல்தளத்தில் கயிறு வேலை. இன்னாசிக்குக் கீழே, கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் வேலை. நாலு வருஷம் இப்படியே போயிற்று.

யுத்தம் வந்தது. அந்த வாரம் இரண்டு கப்பல்களுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஒன்று ரங்கூனுக்கு, ஒன்று சீமைக்கு. அந்தோணியம்மாள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கூடையைக்கூட இறக்கவில்லை.

"ரெண்டு பேரையும் ஒண்ணா எழுதிடாத நைனா. வேற வேற கப்பல்ல போட்டினா, ஒருத்தனாச்சும் வருவான்."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சூசைக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்ததால் அவன் பெயரை ஆபத்துக் குறைந்த ரங்கூன் கப்பலிலும், இன்னாசியின் பெயரைச் சீமைக் கப்பலிலும் எழுதினேன். மறுநாள் காலை கையெழுத்துப் போட வந்த சூசை, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடா இது ஏழுமலை? என் பேரு ஏன் இங்க கீது?"

"உங்க அம்மா கேட்டுக்கிட்டாங்கடா."

"அத்த அடிச்சிட்டு, தம்பி கப்பல்லயே எழுது."

"சூசை, சொல்றதைக் கேளு."

"அவன் அடியில நெருப்பாண்ட நிக்கறவன். ஒண்ணு ஆச்சுன்னா மேல கீறவன் எவன் அவனத் தேடிக்கினு போவான்? நீ போவியா?"

இன்னாசி குறுக்கே வந்தான். "அண்ணே, நீ ரங்கூனுக்கே போ. உனக்குக் கொழந்த கீது. எனக்கு ஒண்ணியும் ஆவாது."

"நீ வாய மூடு."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்தார். இன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில், "மாத்தாத ஏழுமலண்ணே" என்றான். நான் கையை விடுவித்துக்கொண்டேன். ரங்கூன் பக்கத்தில் சூசையின் பெயரை அடித்தேன். சீமைக் கப்பலின் பக்கத்தில், தம்பியின் பெயருக்கு மேல் எழுதினேன். அந்தோணியம்மாளிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சூசையும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தந்தி வந்த அன்று டிராமில் மயிலாப்பூர் வந்து இறங்கினேன். அங்காடியில் அந்தோணியம்மாள் யாருக்கோ வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் என்னைக் கண்டதுமே கத்தி நின்றுவிட்டது.

"எந்தப் பையன்?" என்று கேட்டார்.

நான் அவர் எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

"சொல்லு நைனா, எந்தப் பையன்?"

"ரெண்டு பேரும், அம்மா."

"அது எப்டி? வேற வேற கப்பலாச்சே" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரி ஓடிவந்து தாங்கிப் பிடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், தப்பிப் பிழைத்த ஒருவன் ஊர் திரும்பினான். கொதிகலன் அறையில் இன்னாசியோடு வேலை செய்த தேசப்பன். அவனைக் குப்பத்துக்கு அழைத்துப் போனேன். அந்தோணியம்மாள் எதிரில் உட்கார்ந்து அவன் சொன்னான்:

"வெடிச்சதும் வெளக்கு போச்சும்மா. தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு. ஏணி பாதி ஒடஞ்சி தொங்குது, கை எட்டல. மேல படகு எறக்கிக்கினு இருந்தாங்க. சூசண்ணன் அதுல ஏறாம, தம்பி பேரச் சொல்லிக் கத்திக்கினே கீழ எறங்கி வந்தாரு. 'வாடா மேல'ன்னாரு. 'பின்னால ஆளுங்க கீறாங்கண்ணே'ன்னான் இன்னாசி. அவரு ஒண்ணியும் பேசல. ஏணிக்கு அடியில குனிஞ்சி நின்னுட்டாரு. இன்னாசி ஒவ்வொருத்தனா இட்டாந்து வுட்டான். அண்ணன் தோள் மேல கால வெச்சித்தான் நாங்க மூணு பேர் ஏறினோம். நான்தான் கடைசி. திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள கப்பல் சாஞ்சிடுச்சு."

பிறகு அந்தோணியம்மாள், "எந்தக் காலு?" என்று கேட்டார்.

தேசப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வலது காலைக் கூச்சத்தோடு நீட்டினான். அந்த அம்மாள் அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

அந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. மூன்று பேர் உயிரோடு வந்ததைக் காட்டி என் தவறுக்குச் சமாதானம் தேட மாட்டேன். அந்த மூன்று உயிர்களைக் கொண்டு வந்தவர்கள் அவர்கள், நான் அல்ல. அவர்களைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அந்தச் சகோதரர்கள்' என்று இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். நான் அவர்களைத் தனித்தனியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். சூசை கோயிலில் எல்லோரையும்விட உரக்கப் பாடுவான். சுருதி சேரவே சேராது. இன்னாசிக்கு நாயைக் கண்டால் பயம். கச்சேரி ரோட்டில் ஒரு குட்டி நாய் வந்தாலும் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, "அது போயிடுச்சாண்ணே?" என்று கேட்பான்.