வெட்டக் கூடாத மூச்சு

அக்கா இறந்த பிறகுதான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய ஜீன்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தது. தனித்தனியாகப் பதிவு செய்த குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாக மிக்ஸ் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் தடித்த ஆங்கிலப் புத்தகம். அக்கா கல்யாணக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தவள். சொந்தமாக மெட்டுப் போட்ட ஒரே பாட்டை உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் பதிவு செய்தாள். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடினாள். கீபோர்டு நான் வாசித்தேன். எனக்கு மிக்ஸிங் தெரியாததால் பாட்டு அப்படியே கம்ப்யூட்டரில் கிடந்தது. சில மாதங்களில் நுரையீரல் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

வருஷத் தெவசத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டே ஆக வேண்டும் என்றாள் அம்மா.

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தார். அதிலிருந்து அம்மா, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எப்பலேந்து இருந்துச்சோ, பெத்தவளுக்குத் தெரியாமப் போச்சே" என்று புலம்புவாள். அக்கா மாடிப்படி ஏறும்போது களைத்தாளா, வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு நடந்து வந்தபோது மூச்சு இளைத்தாளா என்று ஒவ்வொரு நாளாகத் தோண்டுவாள். சோறு இறங்காது. எனக்கோ எரிச்சல் வரும். "உட்டுத் தொலைம்மா" என்று கத்தியிருக்கிறேன்.

புத்தகம் லேசில் பிடிபடவில்லை. எழுதியவரிடம் கார் இருந்தது போலும். மிக்ஸ் செய்ததைக் காரில் போட்டுக் கேட்டுப் பார் என்றார். நான் ரெட்டியார்பாளையம் போகும் நண்பனின் ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேட்டேன். பஸ் ஹாரனைத் தவிர ஒரு மண்ணும் கேட்கவில்லை. "சூப்பரா இருக்குடா" என்றான் அவன்.

அடுத்தது கம்ப்ரஸர் அத்தியாயம். குரலில் பெரிய சத்தத்தை அடக்கி, சின்னச் சத்தத்தை மேலே கொண்டுவரும் கருவி அது. ஒரு மத்தியானம் புத்தகம் சொன்ன அளவை அப்படியே வைத்து, வாத்தியங்களை நிறுத்தி, குரலை மட்டும் ஹெட்போனில் ஓடவிட்டேன். வரிக்கும் வரிக்கும் நடுவே அக்கா மூச்சு இழுத்தாள். என் பிடரியில் பட்ட மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் மடித்த போர்வைதான் இருந்தது. பயந்துதான் போனேன்.

மறுபடி கேட்டேன். பல்லவியில் நீளமாக இழுத்த மூச்சு சரணத்தில் குறுகியது. கடைசிச் சரணத்தில் ஒரே வரிக்கு நடுவில் இரண்டு தடவை இழுத்தாள். அடியில் மெல்லிய கரகரப்பு. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த எனக்கு அன்றைக்குச் சுருதியும் தாளமும்தான் கேட்டிருந்தன. அம்மா தோண்டித் தோண்டித் தேடிய பதில் அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு பாட்டு ஓடாதபோதும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது. குளிக்கும்போது, வேலை பார்க்கும் கடையில் பில் போடும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே.

மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டிவிடாதே, பாடுவது மனுஷர் என்று தெரிய வேண்டும் என்று புத்தகம் எச்சரித்திருந்தது. நான் ஒன்று விடாமல் வெட்டினேன். வெட்டிய இடம் தெரியாதபடி கீபோர்டுச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன்.

தெவசத்தன்று படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகு பாட்டைப் போட்டேன். அம்மா அக்காவின் படத்துக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"எங்கியாவது மூச்சு வாங்குதா பாரு. என்னமா தம் கட்டிப் பாடியிருக்கா! அப்ப நல்லாத்தான்டா இருந்திருக்கா."

"ஆமாம்மா. நல்லாத்தான் இருந்தா" என்றேன்.

அன்றைக்கு அம்மா இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டாள். எனக்கும் போட்டாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாய்க்கும் வாய்க்கும் நடுவே அக்கா மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.