மசூதி வாசலில் என் மாமியார்

என் மாமியார் லேசில் பயப்படுகிறவர் இல்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குள் மிரண்டு ஓடிவந்த மாட்டை வெறும் விசிறியால் விரட்டியவர். அப்படிப்பட்டவர், தெருக்கோடி வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு வந்ததும் வெலவெலத்துப் போனார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. வந்தவர் குடை வியாபாரி. மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும்தான் குடும்பம். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனாலும் மாமியார், "தெருவே கெட்டுப் போயிடும், அவாளைக் காலி பண்ணச் சொல்லணும்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எங்கள் தெருப்பக்கத்து ஜன்னல்களையும் இழுத்துச் சாத்திவிட்டார். புழுக்கத்தில் வெந்தது நாங்கள்தான். குடைக்காரரோ சாத்திய ஜன்னலைப் பார்த்தும் சிரித்துவிட்டுத்தான் போவார். உள்ளேயிருந்து மாமியார் இடுக்கு வழியாகப் பார்ப்பது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் என் கைக்குழந்தை ஓயாமல் வீறிட்டு அழ ஆரம்பித்தான். டாக்டர் கொடுத்த மிக்ஸ்சர் மருந்தும் கேட்கவில்லை, வசம்பும் கேட்கவில்லை.

"மசூதி வாசலுக்குக் கொண்டு போலாம், கெளம்புடி" என்றார் மாமியார்.

சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் குழந்தையின் முகத்தில் ஓதி ஊதினால் பயம் தெளியும் என்று எல்லாச் சாதித் தாய்மார்களும் அங்கே காத்திருப்பது வழக்கம். மாமியாருக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. தெருக்கோடி வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தொழுகை முடிந்து முதலில் வெளியே வந்தவர் குடைக்காரர்! மாமியாரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

குடைக்காரர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "இன்னாம்மா, ராஜா ரொம்ப அழுவுறாரா? அல்லா கீறாரு, பயப்படாதீங்க" என்று சொல்லி, கண்ணை மூடி ஓதி, மெல்ல ஊதினார். பையன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான்.

அன்று அவன் அயர்ந்து தூங்கினான். மிக்ஸ்சர் இப்போதுதான் வேலை செய்கிறது என்றார் என் கணவர். மாமியார் எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

சில நாளில் தெருக்கோடி வீட்டின் சொந்தக்காரர் எங்களிடம் வந்தார். "நீங்க சொன்னபடி அவாளைக் காலி பண்ணச் சொல்லிடட்டுமா?"

"யாரை? எங்காத்துக் கொழந்தைக்கு ஓதினவரையா? நன்னாருக்கே நியாயம்!" என்று மாமியார் போட்ட போட்டில் மனிதர் வந்த வழியே திரும்பினார்.

அதன் பிறகு ஒரு காலையில், குடைக்காரரின் மனைவி காய்ச்சலில் துவண்ட பெண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "உங்க சாமியாண்ட வேண்டிக்கினு கொழந்தய தொட்டு வுடுங்கம்மா."

மாமியார் மடியாகச் சமைத்துக்கொண்டிருந்த நேரம் அது. குளித்து மடிப்புடவை கட்டிவிட்டால், சமையல் முடிகிற வரை மாமியார் யாரையும் தொடமாட்டார். சொந்தப் பேரன் தவழ்ந்து வந்தாலும் விலகிக்கொள்வார். யாராவது பட்டுவிட்டால் மறுபடி தலைக்குளியல்தான்.

மாமியார் ஒரு கணம் நின்றார். பிறகு படியிறங்கிப் போய், அந்தக் குழந்தையின் நெற்றியில் கை வைத்து ஏதோ சுலோகம் முணுமுணுத்தார். கடைசியில், குடைக்காரர் செய்தது போலவே முகத்தில் மெல்ல ஊதினார்.

அவசரமாகக் கிணற்றடிக்குப் போய் மாமியார் மறுபடி குளிக்கத் தண்ணீர் இழுத்து வைத்தேன்.

"யாருக்குடி தண்ணி?" என்று கேட்டுவிட்டு, மாமியார் நேராக அடுப்பங்கரைக்குள் போய்க் குழம்பைக் கிளற ஆரம்பித்தார்.