அய்யாக்குட்டி பெட்டிக்குள் இருந்தார்

ஏரல் கடைத்தெருவில் அய்யாக்குட்டி பாத்திரக்கடை என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சீர்வரிசைக்கு அண்டா, குடம், தூக்குச்சட்டி என்று மொத்தமாக எடுத்துவிட்டுப் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் வெட்டித் தரச் சொல்வார்கள். பெயர் வெட்டுகிற மெஷினை அவர் யார் கையிலும் கொடுப்பதில்லை. ஐம்பதைத் தாண்டியும் தெருவில் முதலில் ஷட்டர் தூக்குகிறவர் அவர்தான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழி பிறந்ததும் பெய்த மழையில் தாமிரபரணி கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது. அய்யாக்குட்டி கடையில் மின்விசிறி வரைக்கும் தண்ணீர். வடிந்தபிறகு பார்த்தால் ஒவ்வொரு அண்டாவிலும் சேறு, குடங்களுக்குள் சேறு, பில் போடுகிற மேஜை தெருக்கோடியில் கிடந்தது.

அப்போது அவர் உடைந்துபோகவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவரும் மனைவி சீனித்தாயும் தெருவிலேயே உட்கார்ந்து பாத்திரங்களைக் கழுவினார்கள். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "எந்திரிங்க அண்ணாச்சி, சேறுதானே, கழுவுனாப் போயிரும்" என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவர் அய்யாக்குட்டி. தை பிறப்பதற்கு முன்பே கடையைத் திறந்துவிட்டார். பொங்கல் பானைகூடக் கொஞ்சம் விற்றது. ஏரலில் அவரைப் பார்த்துத்தான் பலபேர் கடை திறந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பங்குனியில் ஒருநாள் காலை. ஷட்டருக்கு முன்னால் குனிந்து, பூட்டில் சாவியை நுழைத்தவர் அப்படியே நின்றார். ஜவுளிக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி நிக்கிய? சாவி திரும்பலியா?"

"திரும்புது."

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அந்த ஷட்டரை அவர் தூக்கவேயில்லை.

முதலில் காய்ச்சல் என்று நினைத்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, விழிப்புத்தான் வரவில்லை. கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், குளிக்கச் சொன்னால் குளிப்பார்.

சொந்தக்காரர்கள் வந்து தைரியம் சொன்னார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ரம்யா தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினாள். கோட்டுப் போட்ட ஒருத்தர் மேடையில் அங்குமிங்கும் நடந்து, உன்னால் முடியும், எழுந்து நில் என்று கத்துவார். அய்யாக்குட்டி கடைசிவரைக்கும் பார்ப்பார். மகள் அனுப்பியதாயிற்றே. முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"அழுதாக்கூடத் தேவல. என்ன செய்யுதுன்னு சொல்லுங்களேன்" என்பாள் சீனித்தாய்.

"ஒண்ணும் செய்யல தாயி. அதான்."

கடையில் மிச்சமிருந்த சரக்கை சீனித்தாயே பேசி விற்றாள். பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கி, தோசைமாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். அவள் தம்பி தங்கப்பாண்டி, தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அவன் வந்து, "வீட்டுல கெடந்தா இன்னும் மோசமாயிரும் அத்தான், கிளம்புங்க" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனான். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை.

யார்டு துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. கப்பலில் சரக்கு இறக்கிய காலிப் பெட்டிகள் அங்கே வந்து அடுக்கடுக்காக நிற்கும். மறுபடி சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு ஆள் உள்ளே போய் நிற்பான், கதவைச் சாத்துவார்கள். இருட்டில் எங்கேயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டுவிட்டு வரவேண்டும். மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் சரக்கு கெட்டுப்போகக் கூடாதே. அய்யாக்குட்டிக்கு அந்த வேலை.

பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற மெஷினை ஓட்டியவன் தேவமணி. பெரியதாழைக்காரன், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகில் ஏறினாலே குடலைப் புரட்டும். அதனால் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டான். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, "அண்ணாச்சி, மீன்கொழம்பு ஊத்திக்கிடுங்க" என்பான். அவர் நீட்டுகிற தட்டில் ஊற்றுவான். அவர் பேசாததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை கம்பெனி, வேலைக்காரர்களுக்கு ஊக்கம் கொடுக்கவென்று மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. எல்லோரையும் ஷெட்டில் உட்காரவைத்து, ஒவ்வொருத்தரிடமும் மைக்கை நீட்டினார் அவர். "காலையில எதுக்காக எழுந்திரிக்கிறீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க." பிள்ளைகளுக்காக என்றான் ஒருத்தன். வீடு கட்டணும் என்றான் இன்னொருத்தன். மைக் அய்யாக்குட்டியிடம் வந்தது. அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார்.

"மூத்திரம் முட்டும்லா, அதுக்குத்தான்" என்றார்.

ஷெட்டே சிரித்தது. தேவமணி விழுந்து விழுந்து சிரித்தான். பயிற்சியாளரும் நல்ல மனிதர், சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அய்யாக்குட்டி நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. வேறு ஏதாவது காரணம் அகப்படுகிறதா என்று அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஏரல் வந்து சேரும் வரைக்கும் தேடினார். அகப்படவில்லை.

பெட்டிக்குள் இருக்கிற இருட்டு அவருக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். வெயிலில் இரும்பு அனலாகக் கொதிக்கும், பழைய சரக்கின் வாடை மூக்கில் ஏறும். ஆனாலும் அங்கே யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஆளில்லாத பெட்டியாகப் பார்த்து உள்ளே போய், கதவுகளைக் கயிற்றால் தன் பக்கம் இழுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு மத்தியானம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே மெஷின் நெருங்குகிற சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அடித்தது. பெட்டியைத் தூக்கப்போகிறேன், ஆள் இருந்தால் வெளியே வா என்று அர்த்தம். அய்யாக்குட்டிக்கு அது நன்றாகத் தெரியும். எழுந்து கதவைத் தள்ளினால் போதும். அவர் எழவில்லை.

பெட்டி ஆடியது. தரை சாய்ந்தது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் மோதினார். பெட்டி உயரப் போனதும், தாழ்ப்பாள் போடாத கதவு காற்றில் படீரென்று திறந்துகொண்டது. கண்ணைக் குத்துகிற வெளிச்சம். காலுக்குக் கீழே லாரிகள், அதற்கப்பால் வெள்ளை வெள்ளையாக உப்பளம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, அதையும் தாண்டிக் கடலில் நிற்கிற கப்பல்கள். கீழேயிருந்து யாரோ அலறினார்கள். "ஆளு இருக்குலே! நிறுத்துலே!"

தேவமணி பதறாமல், கைக்குழந்தையை இறக்குகிற மாதிரிப் பெட்டியை இறக்கினான். இறக்கிவிட்டு மெஷினிலிருந்து குதித்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அய்யாக்குட்டிக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

விசாரணைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் தங்கப்பாண்டி அவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போனான். "அத்தான், அசந்து தூங்கிட்டேன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொன்னியன்னா மூளை சரியில்லன்னு எழுதிப்புடுவான். அக்கா தாங்கமாட்டா."

மேனேஜர் கேட்டார், இவர் தூங்கிவிட்டதாகச் சொன்னார்.

"அப்ப ஹாரன் சத்தம் கேக்கலையா?"

தங்கப்பாண்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேக்கல" என்றார் அய்யாக்குட்டி.

கேமராவில் படம் மட்டும்தான் இருந்தது, சத்தம் இல்லை. ஹாரன் அடிக்காமல் பெட்டியைத் தூக்கினான் என்று எழுதி, தேவமணியை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் ஒப்பந்த ஆள்தான், கேட்க நாதியில்லை. இந்தக் காரணத்தோடு வெளியே வந்தவனைப் பக்கத்து யார்டுகளும் சேர்த்துக்கொள்ளவில்லை. அய்யாக்குட்டிக்கு வெளிவாசலில் லாரி நம்பர் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அதையும் செய்தார்.

ஐப்பசியில் தங்கப்பாண்டி பேச்சுவாக்கில் சொன்னான்: "தேவமணிப் பயலுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போலிருக்கு அத்தான். ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டு, நான் ஹாரன் அடிச்சது உனக்குக் கேட்டுச்சான்னு கேக்கான். நாள் முழுக்க எல்லா மெஷினும்தான் அடிக்குது, எவனுக்கு ஞாபகம் இருக்கும்? இப்ப அவனுக்கே சந்தேகம் வந்துட்டு, அடிச்சோமா இல்லியான்னு."

மறுநாள் காலை சீனித்தாய் மாவு அள்ளிக்கொண்டிருந்தபோது அய்யாக்குட்டி குளித்து, வேட்டி கட்டி, வெளியே கிளம்பி நின்றார். யாரும் எழுப்பவில்லை.

"யார்டுக்கா?"

"பெரியதாழைக்குப் போயிட்டு வாரேன்."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவாரோ என்று பயம்.

திருச்செந்தூரில் பஸ் மாறிப் பெரியதாழை போனார். படகுகளை மணலில் இழுத்துப் போட்டிருந்த கரையில், வேறு யாருடைய வலையிலிருந்தோ சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்தான் தேவமணி. இளைத்திருந்தான். அவரைப் பார்த்து எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"வாங்க அண்ணாச்சி. கை எப்படி இருக்கு?"

அவர் நின்றபடியே சொன்னார். "நீ ஹாரன் அடிச்சே தேவமணி. எனக்குக் கேட்டுச்சு."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஒருக்கா அடிச்சே. செத்த விட்டு மறுக்கா அடிச்சே."

"மறுக்காவும் அடிச்சேன்ல?"

"அடிச்சே."

தேவமணி முழங்காலைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. கரையோரத்து வீட்டிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "ஏளா, நான் அடிச்சிருக்கேன். ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்" என்றான் அவளிடம். அவளுக்கு விஷயம் புரிந்ததும் அய்யாக்குட்டியைப் பார்த்து, "பெரிய மனுசன்னு உங்களுக்கும் சேத்துக் கொழம்பு வச்சுக் குடுத்துவிட்டேனே. இம்புட்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தீயளே, நீங்க நல்லா இருப்பீயளா?" என்று கேட்டாள். 

அவள் போனபிறகு தேவமணி மெதுவாகக் கேட்டான். "சத்தம் கேட்டும் ஏன் அண்ணாச்சி வெளிய வரல?"

இத்தனை மாதமாக எல்லோரும் அவருக்குச் சொல்லத்தான் செய்தார்கள். பெட்டிக்குள் ஏன் அப்படியே இருந்தார் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அவரும் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"வரணும்னு தோணல. சாகணும்னும் தோணல. எதுவுமே தோணலலே."

"இப்ப?"

"இப்பவும் அப்படித்தான். இதை உங்கிட்ட சொல்லணும்னு மட்டும் தோணுச்சு."

தேவமணி தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்து வந்தான்.

அடுத்த நாள் அய்யாக்குட்டி மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப மாத்திப் பேசினா எப்படி? ஃபைல் முடிஞ்சாச்சு." சாயங்காலமே அவருக்கும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிபாரிசு செய்து கூட்டி வந்த தங்கப்பாண்டிக்கு அவமானம். அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சீனித்தாய்க்கு அது பெரிய வருத்தம். அன்றைக்கு அவள் கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் அழுதாள். அவர் காதில் விழுந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். ஊறிய உளுந்தை அள்ளி அவள் கையில் கொடுத்தார்.

தேவமணி தூத்துக்குடித் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தான். ஹாரன் சத்தம் கேட்டது என்று சொல்ல ஒரே சாட்சி அய்யாக்குட்டி. முன்பு ஒன்று சொல்லி இப்போது வேறு சொல்கிற சாட்சி எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியவில்லை என்றார் வக்கீல். அது ஒருபக்கம் இருக்க, வாய்தா மேல் வாய்தா. கம்பெனி ஆள் ஒருமுறை வருவான், மூன்றுமுறை வரமாட்டான்.

பெரும்பாலான நாட்களில் அய்யாக்குட்டி இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறார். ரம்யா வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டாள், ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கடையை வேறொருத்தர் எடுத்துச் செல்போன் கடை வைத்துவிட்டார். வாய்தா நாளன்று மட்டும் அவர் தானாகவே விழித்துக்கொள்கிறார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறுகிறார்.

போன வாய்தாவுக்கும் கம்பெனி ஆள் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வேறு தேதி போட்டார். வெளியே வந்ததும் தேவமணி சொன்னான், "குஜராத்துல ஒரு துறைமுகத்துல ஆள் எடுக்கானாம் அண்ணாச்சி. போயிரலாம்னு இருக்கேன். இது ஜெயிக்கும்னு எனக்குத் தோணல."

"எனக்கும் தோணல."

"நான் போயிட்டா நீங்க எதுக்கு இங்க வரணும்? விட்டிரலாம்."

 எதிரே சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"நீ போ தேவமணி, பிழைப்பப் பாரு. தேதி என்னிக்குன்னு மட்டும் வக்கீலை எனக்குச் சொல்லச் சொல்லு" என்றார். "நான் வந்து உக்காந்துக்கிடுதேன்."