பொட்டு வைத்த கேமரா

தலைமைக் காவலர் யோகலட்சுமிக்குத் தென்காசிக் கடைகளைப் பெயர்ப்பலகையால் தெரியாது, கேமராவால் தெரியும். பஜாரில் இருக்கும் ஜவுளிக்கடையில் வாசலைப் பார்க்க வேண்டிய கேமரா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மருந்துக்கடைக் கேமராவில் எப்போதும் போன வருடம் நடக்கும். ஆலங்குளம் சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் எல்லாம் சரியாக இருக்கும்; ஆனால் பாஸ்வேர்டு முதலாளியின் மருமகனுக்கு மட்டும்தான் தெரியும். மருமகன் துபாயில் இருக்கிறார். மாமனாரோடு பேச்சில்லை.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கவில்லை. அச்சன்புதூரில் பட்டாளத்துக்காரர் மகளாகப் பிறந்து, திருடனைத் துரத்திப் பிடிக்கும் ஆசையில் போலீசுக்கு வந்தவள். முன்பிருந்த இன்ஸ்பெக்டரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். அவள் செய்த குற்றம் அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து ஸ்டேஷனில் திரை உள்ள எல்லாப் பொருளுக்கும் அவளே பொறுப்பு. ‘கேமரா ஏட்டம்மா’ என்ற பட்டமும் வந்துவிட்டது.

கஷ்டப்பட்டு ஒரு கருவியைக் கற்றுக்கொண்டால் கடைக்காரன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டியிருப்பான். பதிவாகும் பெட்டி போய் மெமரி கார்டு வந்தது. பல்பு மாட்டும் இடத்தில் திருகிவைக்கிற கேமராவும் வந்துவிட்டது. இதற்கெல்லாம் இலாகா பயிற்சி கொடுக்கும், அந்தக் கருவி சந்தையிலிருந்து மறைந்த பிறகு. அதனால் யோகலட்சுமி யூடியூபில் படித்தாள். விளக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்திக்காரர்கள். அவளுக்கு இந்தி தெரியாது. சத்தத்தை அணைத்துவிட்டு, விரல் எங்கே அழுத்துகிறது என்று மட்டும் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து, எந்த வீடியோவையும் ஊமையாகப் பார்ப்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

பூசை விடுமுறைக்குக் குற்றாலம் நிரம்பி வழிந்த சமயத்தில் மாடத்தியின் விவகாரம் வந்தது. மாடத்தி ஐந்தருவி கார் நிறுத்தத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பாக்கெட்டும் சோப்பும் விற்பவள். குளிக்கப் போகிறவர்களின் பைகளையும் பார்த்துக்கொள்வாள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்து, பையிலிருந்த சங்கிலியைக் காணோம் என்றார்கள். பையில் வைத்ததைக் கணவர்தான் உறுதியாகச் சொன்னார். அருவிக்கரையில் அவ்வளவு கூட்டத்தில் வேறு ஒருவர் மேலும் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. மாடத்தியை எல்லோரும் பார்க்க ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலத்துக்குள் சங்கிலி கிடைக்காவிட்டால் அவள் மேல் வழக்கு, ரிமாண்ட்.

“நான் எடுக்கல ஏட்டம்மா. எடுத்தவ பையப் பிடிச்சிக்கிட்டு அங்கனயே நிப்பாளா?” என்றாள் மாடத்தி. இந்தக் கேள்வியை இன்ஸ்பெக்டரே கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

நிறுத்தத்துக்கு எதிரிலேயே வீரபாகு அண்ணாச்சியின் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. அங்கே புத்தம்புதுக் கேமரா ஒன்று உண்டு. அதை மாட்டிய அன்று அண்ணாச்சி ஐந்தருவி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். யோகலட்சுமி ஓடினாள். அண்ணாச்சி பெருமையோடு போனைத் திறந்து காட்டினார். திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

யோகலட்சுமி ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தாள். கேமராவின் கண்ணாடி மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

“என்ன அண்ணாச்சி இது?”

“ஆயுத பூசைல்லா. தராசுக்கு வச்சேன், அடுப்புக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?”

“கண்ண மறைச்சிருக்கீயளே.”

“பொட்டு வேற எங்க வைப்பாவ? அதுக்கு நெத்தியா இருக்கு?”

திருடன் முகத்தைப் பார்க்க வாங்கிய பொருள் அது. அதன் கண்ணை அடைத்துவிட்டு, கடையைக் காப்பாற்று என்று அதையே கும்பிட்டிருக்கிறார் மனிதர். இப்படிக் கும்பிடப்பட்டதால் கெட்டுப்போன பொருள்கள் நம் நாட்டில் எத்தனை என்று கணக்கெடுக்க ஒரு இலாகா போட்டால், அந்த இலாகாவின் கணினிக்கும் முதல் நாளே சந்தனம் வைத்துவிடுவார்கள். ஆனாலும் இலாகா விதி விதிதான். யோகலட்சுமி மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் தன் ஊரில் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவரை வீடியோ காலில் பிடித்திருந்தார். மைக்காரர் நெட்வொர்க்கைக் குறை சொன்னார். இங்கே இருக்கிறவர்களைக் கொஞ்சம் காட்டச் சொன்னார். போனைச் சுற்றிக் காட்டினார்கள். மூலையில் குத்தவைத்திருந்த மாடத்தி திரையில் வந்ததும், வெற்றிலையில் ஒரு பெண் தெரிகிறாள், கறுத்த நிறம், உட்கார்ந்திருக்கிறாள் என்றார் மைக்காரர். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மையை நம்புகிறவர்கள் இந்தக் காலத்திலுமா என்று கேட்காதீர்கள். புதுக் கருவிகளைக் கையாள்வதில் மைக்காரர் போலீஸ் இலாகாவை எப்போதோ முந்திவிட்டார்.

“சார், வெத்தலைய கோர்ட்டு எடுத்துக்கிடாது” என்றாள் யோகலட்சுமி.

“ஒன் கேமராவுல என்ன தெரிஞ்சுது?”

“சந்தனம் சார்.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மாடத்தி மட்டும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர், வழக்கு எழுத ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

யோகலட்சுமி கார்டைப் போனில் மாட்டி அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மஞ்சளில் எங்கேயாவது ஒரு கீறல் விட்டு வெளிச்சம் தெரியாதா என்று முழுக்க ஓட்டிப் பார்த்தாள். போன் ஊமையாக இருந்தது. அவளுக்கு அது வழக்கம்தான்.

திடீரென்று இன்ஸ்பெக்டரின் அறைக்குள்ளிருந்து வீரபாகு அண்ணாச்சியின் குரல் கேட்டது.

“புது இன்ஸ்பெக்டரா? சிப்ஸ் வாங்கப் பையோட வாராரு, பர்ஸோட வர மாட்டக்காரு.”

அண்ணாச்சி எப்போது உள்ளே போனார் என்று எல்லோரும் எழுந்தார்கள். உள்ளே அண்ணாச்சி இல்லை. அலமாரி மேலிருந்த ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் பேசியது. ஆயுத பூசையன்று பக்திப் பாட்டுப் போட அதில் யோகலட்சுமியின் போனைத்தான் இணைத்திருந்தார்கள். அதன் பிறகு யாரும் துண்டிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து வெளியே வந்து, அதை நிறுத்தச் சொன்னார்.

யோகலட்சுமி நிறுத்தவில்லை. கேமராவுக்குக் காது இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தனம் கண்ணைத்தான் மூடியிருந்தது. இத்தனை நாள் எத்தனை கேமராக்கள் பேசியிருக்குமோ, தான் கேட்காமலே விட்டோமே என்று ஒரு கணம் வெட்கப்பட்டாள். பிறகு தம்பதி குளிக்கப் போன நேரத்துக்கு ஓட்டினாள். சிப்ஸ் பொரியும் சத்தம், கார்க் கதவு சாத்தும் சத்தம், போனில் நண்பன் யாரிடமோ பேசும் நாக்குக் குழறிய ஓர் ஆண் குரல்.

“மச்சா, பையெல்லாம் சரிப்படாது. பொம்பளக்கிட்ட குடுக்கறமல்ல. சங்கிலிய ஸ்டெப்னிக்கு உள்ளார போட்டுட்டேன். எந்தத் திருடனும் அங்க தேட மாட்டான். நாளைக்கு எனக்கு ஞாபகப்படுத்து.”

அதற்குப் பின்னால் ஒரு பாட்டில் கண்ணாடி டம்ளரில் மோதும் சத்தம் வந்தது.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். தான் தள்ளாடியதற்கு, அருவியில் தலை காட்டியதால் வந்த தலைவலி என்றுதான் கணவர் சொல்லியிருந்தார். யோகலட்சுமி கார்ச் சாவிக்குக் கை நீட்டினாள். ஸ்டேஷன் வாசலில் நின்ற அவர்கள் காரின் ஸ்டெப்னி டயரைத் தூக்கியதும், காலுறை ஒன்றில் சுருட்டிய சங்கிலி கிடைத்தது.

அதோடு எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. தம்பதிக்கு ஊருக்குக் கிளம்ப அவசரம். அந்தப் பதிவின் முதல் பகுதியை அழிக்க இன்ஸ்பெக்டருக்கு அவசரம். சாட்சியத்தில் ஒரு நொடியை வெட்டினாலும் முழுசும் செல்லாது என்று யோகலட்சுமி மரியாதையாகச் சொல்லிவிட்டாள். மாடத்தியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரர் வாசலைக் காட்டி, பஸ் வரும், போ என்றார்.

மாடத்தி எழுந்தாள். போகவில்லை.

“என்ன ஏத்தும்போது ஐந்தருவியே பாத்துச்சு. எறங்குதத யாரு பாப்பாவ?”

இன்ஸ்பெக்டர் ஜீப் டீசல் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜீப் சாவியை யோகலட்சுமியிடம் கொடுக்கச் சொன்னார்.

யோகலட்சுமி வழியிலேயே வீரபாகு அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். பழைய கார்டு சாட்சியமாக ஸ்டேஷனிலேயே இருக்கும் என்றாள். கையோடு புதுக் கார்டு கொண்டுவருவதாகவும், அதற்குள் கேமராவைத் துடைத்து வைக்கும்படியும் சொன்னாள். பூசையில் வைத்ததை அழிக்கலாமா என்று அண்ணாச்சி இழுத்தார். இன்ஸ்பெக்டர் பற்றி அவர் சொன்னது பதிவாகியிருக்கும் விஷயத்தை அவள் சொன்னாள். அண்ணாச்சி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூலைத் தேடப் போனார்.

கடை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, மாடத்தியை உட்காரச் சொல்லி, யோகலட்சுமி மட்டும் இறங்கிப் புதுக் கார்டைப் போட்டாள். கேமரா பளிச்சென்று இருந்தது. பொட்டு இப்போது அதைத் தாங்கும் கம்பியில் ஏறியிருந்தது.

“ஓடுதா அண்ணாச்சி?”

“ஓடுது. நல்லாத் தெரியுது.”

“ஏட்டி மாடத்தி, இப்ப எறங்கு.”

மாடத்தி ஜீப்பின் முன் சீட்டிலிருந்து இறங்கினாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். சிப்ஸ் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிதானமாக நடந்து போய்த் தன் எண்ணெய்ப் பாக்கெட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூசைக்குப் பிறகு அந்தக் கேமராவில் விழுந்த முதல் படம் அதுதான்.